மூன்றாவது ஆள் யாருக்காக? கடலோர நெடும்பயணத்துக்கு அழைக்கப்பட்ட ஒரு புதியவர்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாய்மரப் படகோட்டத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து ஓராண்டு ஆன ஒருவர், ஒரு கடலோர நெடும்பயணத்தில் மூன்றாவது ஆளாக வரும்படி அழைக்கப்பட்டார். அவர் பயின்ற குழுவில் நான் பயிற்றுநர்களில் ஒருவன். அழைத்த கேப்டனையும் அறிவேன். இருவரின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி இதைப் பதிவு செய்கிறேன்.

புதியவரின் அனுபவம் முழுவதும் அலை அடங்கிய ஒரு விரிகுடாவுக்குள் பெற்றது. பாயைத் திருப்பவும், சுருக்கிக் கட்டவும், சுக்கான் பிடிக்கவும் நன்றாகவே தெரியும். ஆனால் இரவில் படகோட்டியதில்லை; கரை கண்ணுக்கு மறையும் தூரம் போனதில்லை; கடல் குமட்டல் தனக்கு வருமா என்பதும் தெரியாது.

கேப்டன் பதினைந்து ஆண்டுகளாகக் கடலோடுபவர், நிதானமானவர். முப்பது ஆண்டுக்கு மேல் பழைய, 10 மீட்டர் நீளப் படகு ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். அதைத் தன் துறைக்குக் கொண்டுவர 180 கடல் மைல் ஓட்ட வேண்டும். சராசரி 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகம் என்று கொண்டால் 36 மணி நேரம். இடையில் ஒதுங்க ஒரே ஒரு துறைமுகம். அது 100-ஆவது மைலில் இருந்தது. அதன் முகத்துவாரத்தில் மணல்திட்டு உண்டு, ஆகையால் ஓதம் (கடல் மட்டம்) ஏறியிருக்கும்போது மட்டுமே நுழைய முடியும். துணை மாலுமியாக அனுபவமுள்ள ஒருவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்.

பழைய உரிமையாளரின் துறை வாடகை மாத இறுதியில் முடிகிறது. அதற்குள் படகை எடுத்தாக வேண்டும். படகின் நிலையையும் வானிலையையும்விட இந்தத் தேதிதான் எல்லாவற்றையும் நெருக்கியது என்று பின்னால் பார்க்கும்போது தெரிகிறது.

அழைப்பும் முதல் கேள்விகளும்

கேப்டன் சொன்னது இதுதான்: “கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. மூன்று பேர் இருந்தால் காவல் முறையும் சுலபம்.” புதியவருக்கு ஆசை இருந்தது. மறுத்தால் இனி யாரும் அழைக்க மாட்டார்களோ என்ற தயக்கமும் இருந்தது. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னது பின்வந்த பேச்சுகளுக்கு உதவியது.

என்னிடம் வந்து, “எனக்குத் தகுதி இருக்கிறதா?” என்று கேட்டார். பெரும்பாலானோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். தகுதியை ஒருவரின் கைத்திறனை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதால் நான் வேறொன்றைக் கேட்கச் சொன்னேன்: நீங்கள் இல்லாமலே இந்தப் படகு பத்திரமாகப் போய்ச் சேருமா? சேரும் என்றால் நீங்கள் கற்றுக்கொள்ளப் போகலாம். நீங்கள் இருந்தால்தான் சேரும் என்றால், அந்த இடத்தில் புதியவர் ஒருவரை வைப்பதே தவறு.

காவல் கணக்கு, அதாவது யார் எப்போது விழித்திருந்து படகைப் பார்த்துக்கொள்வது என்பது, இதைத் தெளிவாகக் காட்டியது. இருவர் மட்டும் என்றால் மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் ஓய்வு. மூவர் என்றால் இரண்டு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு. ஆனால் இரவில் தனியாக நிறுத்த முடியாத ஒருவரின் முறை வரும்போது மற்ற இருவரில் ஒருவர் அரைத்தூக்கத்தில் பின்தளத்திலேயே கிடக்க வேண்டும். அப்படியென்றால் கூடுதலாகக் கிடைப்பதாகச் சொன்ன ஓய்வு காகிதத்தில்தான் இருக்கிறது. புதியவர் குமட்டலில் படுத்துவிட்டால் அவரைக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். அப்போது இருவர் செய்யும் வேலையை ஒன்றரை ஆள் செய்யவேண்டி வரும்.

படகைப் பார்த்தபோது

புறப்பாடு வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கேப்டனும் புதியவரும் நானும் படகைப் போய்ப் பார்த்தோம். கேப்டன் எதையும் மறைக்கவில்லை. ஆனால் வாங்கிய மகிழ்ச்சியில் இருப்பவரின் கண்ணுக்குச் சில தெரியாது.

தளத்தின் இருபுறமும் முன்னிருந்து பின்வரை ஒரு நாடா கட்டப்பட்டிருக்கும். நடமாடும்போது உடல்வாரின் கொக்கியை அதில்தான் மாட்டிக்கொள்வோம். கடலில் விழாமல் காப்பது அதுவே. புதியவர் அதை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெளுத்த நூல் தூளாக உதிர்ந்து விரல்நுனியில் ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த நாடா. ஆளின் எடை ஒரே இழுப்பில் விழுந்தால் தாங்கியிருக்காது.

தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டுகள் நான்கு இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்ததில் வாயு உருளையின் கழுத்தில் துரு. இன்னொன்றில் உருளை பாதி கழன்றிருந்தது. கையால் திருகியதும் முழுதாக இறுகியது. கழன்ற உருளை ஊதாது. வெளியிலிருந்து பார்த்தால் அந்த அங்கி புத்தம் புதிதாகத்தான் தெரியும். நான்கிலும் கால்களுக்கிடையே மாட்டும் வார் இல்லை. அது இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலேறி முகத்தை மூடும், ஆள் கீழே நழுவுவார்.

அபாய நேரத்தில் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று இருந்தது. பேட்டரி காலாவதியாகவில்லை. ஆனால் அதன் பதிவு முந்தைய உரிமையாளர் பெயரில் இருந்தது. பீக்கன் ஒலித்தால் மீட்பு மையம் முதலில் பதிவிலுள்ள எண்ணைத்தான் அழைக்கும். அவரோ வீட்டில் இருந்தபடி, “என் படகா? அதை விற்றுவிட்டேனே” என்று சொல்லியிருப்பார். தேடல் நின்றுவிடாது என்றாலும் எத்தனை பேர், எந்தப் பாதை என்ற தகவல்கள் கிடைக்கத் தாமதமாகும். விலை மிகுந்த சாதனங்கள் எல்லாம் இருந்தும், சில நிமிடத்தில் முடியும் பதிவு மாற்றம் விடுபட்டுப்போயிருந்தது.

உயிர்காப்பு மிதவையின் பராமரிப்புத் தேதி கடந்திருந்தது. “ஆபத்து என்றால் மிதவை இருக்கிறதே” என்று புதியவர் நினைத்திருந்தார். 1979-இல் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் புயலில் சிக்கிப் பணிக்குழுவினர் கைவிட்ட படகுகள் 24. அவற்றில் 5 மட்டுமே மூழ்கின; மற்றவை பின்னர் மிதந்தபடியே மீட்கப்பட்டன. பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். மிதவைக்கு மாறியபின் இறந்தவர்களும் அவர்களில் உண்டு. மிதவை கடைசி வழி. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது என்பதை அந்த எண்கள் அவருக்கு உணர்த்தின.

கடைசியாக எஞ்சின். டீசல் வடிகட்டியின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. மேலே தெளிந்த மஞ்சள், அடியில் காப்பி மண்டி போல ஒரு கரிய படிவு. தொட்டியில் தண்ணீர் சேர்ந்து, டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருப்பதன் அடையாளம் அது. துறையில் நிற்கும்போது படிவு அடியிலேயே கிடக்கும். அலையில் ஆடும்போதுதான் கலங்கி வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

பாதையும் வானிலையும்

கரையோரமாகப் போவதால் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். கடலோடிகளுக்குக் கரைதான் பயம். காற்று கரையை நோக்கி அடிக்கும்போது எஞ்சினும் பாயும் ஒத்துழைக்காவிட்டால் படகு பாறையை நோக்கித்தான் நகரும். கரையிலிருந்து விலகியிருக்கும் ஒவ்வொரு மைலும் பழுது பார்க்கக் கிடைக்கும் நேரம். கரை நோக்கிய காற்றில் துறைமுக வாயிலில் அலை உடையும். ஒதுங்க வேண்டிய இடமே நுழைய முடியாத இடமாகும்.

இந்தப் பாதையின் 70-ஆவது மைலில் கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனை இருந்தது. அங்கே நீரோட்டம் வலுவானது, படகு போகும் திசையிலேயே ஓடுவது. எதிர்க்காற்று வந்தால் காற்றும் நீரோட்டமும் மோதி அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். முன்னறிவிப்பு முதலில் காற்றின் வலுவைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4 முதல் 5, பின்னர் 6 என்றது. 6 என்றால் 22 முதல் 27 நாட். புதியவர் விரிகுடாவில் பழகியது ஏறக்குறைய 15 நாட் வரை. 15-க்கும் 25-க்கும் வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் பாயின்மீது விழும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. முன்னறிவிப்பில் சொல்வது சராசரி வேகம். வீச்சுகள் அதைவிட 40 சதவீதம்வரை கூடலாம். அலை உயரத்திலும் அப்படியே. 2 மீட்டர் என்றால் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. இடையிடையே அதன் இரு மடங்கை நெருங்கும் அலையும் வரும்.

முடிவு

செவ்வாய் மாலையே கேப்டனிடம் பட்டியலைக் கொடுத்தோம். அவர் கோபப்படவில்லை. பாதுகாப்பு நாடாக்களையும் வாயு உருளைகளையும் வடிகட்டியையும் மாற்ற உடனே ஏற்பாடு செய்தார்; அதற்காகப் புறப்பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினார். தொட்டியைத் திறந்து சுத்தம் செய்ய மட்டும் நேரமில்லை என்றார். மாத இறுதி நெருங்கிவிட்டது.

புதியவர் கேப்டனிடம் ஒரே கேள்வி கேட்டார்: “இரவில் நீங்கள் கடலில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்?” துணை மாலுமி பார்த்துக்கொள்வார் என்பது பதில். “அவர் உறங்கிக்கொண்டிருந்தால்?” இதற்குக் கேப்டன் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. இரண்டு மீட்டர் அலையில் விழுந்தவரின் தலை சிறிது தூரத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிடும். படகை நிறுத்தித் திருப்பி, ஆளின் அருகே கொண்டுவந்து, நனைந்த உடையோடு கனக்கும் உடலை வின்ச்சால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையால்) தூக்க வேண்டும். பயிற்சியில் பகலில், அமைதியான நீரில், மிதக்கும் பந்தைக் கொண்டு செய்வதோடு இதை ஒப்பிட முடியாது.

கேப்டனின் மறுவாதத்திலும் நியாயம் இருந்தது. “நாங்கள் எல்லோரும் இப்படித்தான் கற்றோம். எல்லாம் சரியாக இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தால் யாரும் கடலுக்குப் போக முடியாது.” உண்மைதான். இரவுப் பயணத்தைக் கரையில் உட்கார்ந்து கற்க முடியாது. ஆனால் புதியவர், புதிதாக வாங்கிய படகு, பழக்கமில்லாத பாதை, நெருக்கும் தேதி ஆகிய நான்கும் ஒரே பயணத்தில் சேர்ந்திருந்தன. முதலாவது மட்டும் இருந்திருந்தால் போகச் சொல்லியிருப்பேன்.

மூன்று வழிகளை எடுத்துப் பேசினோம். முழுப் பயணமும் போவது, முற்றிலும் மறுப்பது, இடைத் துறைமுகத்தில் படகு ஒதுங்கினால் அங்கிருந்து மீதி 80 மைலுக்குச் சேர்ந்துகொள்வது. புதியவர் மூன்றாவதைத் தேர்ந்தார். வியாழக்கிழமை கேப்டனிடம் நேரில் சொன்னார். “என்னால் உங்களுக்கு உதவியாக இருக்க முடியுமா என்று இன்னும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அந்த முனை சரியான இடமில்லை.” கேப்டனுக்கு ஏமாற்றம் இருந்தது, மனத்தாங்கல் இல்லை.

பயணம்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். காற்றைத் திருப்பும் வானிலை முகப்பு (இருவேறு காற்றுத்திரள்கள் சந்திக்கும் எல்லை) திங்கள் நண்பகல் வரும் என்றது முன்னறிவிப்பு. அதற்கு வெகுநேரம் முன்பே முனையைத் தாண்டிவிடலாம் என்பது கணக்கு; அது நியாயமான கணக்கும்கூட. முகப்பு ஞாயிறு இரவே வந்துவிட்டது.

எட்டு மணியளவில், முனைக்கு அருகே, காற்று எதிர்த்திசைக்குத் திரும்பியது. வீச்சுகள் 30 நாட்டைத் தாண்டின. பாயை இரண்டாம் மடிப்புவரை சுருக்கினார்கள். செங்குத்து அலைகளில் முன்னேற எஞ்சினையும் ஓட்டினார்கள். ஒன்பதரைக்கு எஞ்சின் இருமி நின்றது. புதிதாக மாட்டிய வடிகட்டி முழுதாக அடைத்திருந்தது.

கரை 8 மைல் தொலைவில் இருந்தது. கேப்டன் வேண்டுமென்றே வெளியே விலகி ஓட்டியிருந்தார். அந்த இரவின் மிகச் சிறந்த முடிவு அதுதான். துணை மாலுமி படகைக் கரையைவிட்டு விலகும் திசையில் சுருக்கிய பாயுடன் நிறுத்திப் பிடிக்க, கேப்டன் எஞ்சின் அறைக்குள் தலையை நுழைத்து, டீசல் நெடியில் இரண்டு முறை வாந்தி எடுத்தபடி, மாற்று வடிகட்டியைப் பொருத்திக் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றினார். 50 நிமிடம் ஆயிற்று. எஞ்சின் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு அதை நம்ப முடியவில்லை.

நள்ளிரவுக்குப் பின் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கிய துணை மாலுமி, படகு சரிந்தபோது மேசை விளிம்பில் தூக்கி எறியப்பட்டார். வலது பக்கம் மூச்சிழுத்தாலே வலி. அதன்பின் அவரால் வின்ச் சுற்ற முடியவில்லை. இடைத் துறைமுகத்துக்குப் போவதென்று முடிவெடுத்து விடியுமுன் அதன் எதிரே வந்தபோது ஓதம் வற்றியிருந்தது, மணல்திட்டில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கேப்டன் நுழையவில்லை. வாயிலிலிருந்து விலகி, வி.எச்.எப். வானொலியில், அவசர அழைப்புக்கான 16-ஆவது சேனலில் கடலோரக் காவல் நிலையத்துக்கு நிலைமையைத் தெரிவித்துவிட்டு, ஆறு மணி நேரத்துக்கு மேல் வெளியிலேயே காத்திருந்து, நண்பகலில் ஏறும் ஓதத்தில் உள்ளே வந்தார். 20 மணி நேரப் பயணம் 30 ஆகியிருந்தது. மருத்துவமனையில் துணை மாலுமிக்கு ஒரு விலா எலும்பில் விரிசல் என்று தெரிந்தது.

மீதி 80 மைல்

படகு ஐந்து நாள் அங்கேயே நின்றது. தொட்டியைத் திறந்தபோது அடியில் கைநிறைய அள்ளும் அளவுக்குக் கரிய வழவழப்பு. மாத இறுதிக்கான அவசரம் அப்போது தீர்ந்திருந்தது. பழைய துறையைவிட்டு வெளியேறியாயிற்று, புதிய இடத்துக்குத் தேதி எதுவும் இல்லை.

துணை மாலுமிக்குப் பதில் வேறொரு அனுபவசாலி வந்தார், புதியவர் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தார். காற்று 3 முதல் 4. புறப்பட்ட மூன்றாம் மணி நேரத்தில் அவருக்குக் குமட்டல் தொடங்கியது. முந்தைய இரவே தொடங்க வேண்டிய மருந்தைக் காலையில்தான் எடுத்திருந்தார். ஆறு மணி நேரம் பின்தளத்தில் கொக்கி மாட்டியபடி அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு, சிறுசிறு மிடறாகத் தண்ணீர் குடித்துக் கிடந்தார். இது அமைதியான கடலில். அவர் இல்லாமலே ஓடும் படகு என்பதால் யாருக்கும் இடையூறில்லை.

இரவில் அவர் தேறியபின் சுக்கான் கொடுத்தார்கள். திசைகாட்டியின் எண்ணையே உற்றுப் பார்த்து ஓட்டியதில் படகு பாம்பாக நெளிந்தது. முன்னால் ஒரு விண்மீனைப் பாய்மரத்தை ஒட்டி வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னார் கேப்டன். கால் மணி நேரத்தில் நேரானது. பிறகு ஒரு கப்பலின் விளக்குகள் தெரிந்தன. அது வெகு தொலைவில் இருப்பதாகவே புதியவர் நினைத்தார். கைத்திசைகாட்டியால் மூன்று முறை அளந்தபோது திசைக்கோணம் மாறவே இல்லை. கோணம் மாறாமல் நெருங்கும் கப்பல் மோதும் பாதையில் இருக்கிறது என்பதைப் பயிற்சி வகுப்பில் அவர் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார். கேப்டன் பாதையை மாற்றிக் கப்பலின் பின்புறமாகக் கடந்தார்.

கருத்து வேறுபாடு

கேப்டன் இன்றும் சொல்வது, அந்த இரவில் மூன்றாவது ஆள் இருந்திருந்தால் விளக்குப் பிடிக்கவும் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் உதவியிருப்பார், துணை மாலுமி கீழே இறங்கியிருக்கவே மாட்டார் என்பது. மறுக்க முடியாது. அமைதியான கடலிலேயே ஆறு மணி நேரம் படுத்தவர் அந்த அலையில் விளக்குப் பிடித்திருப்பாரா என்பது என் ஐயம். அதையும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். முதலில் குறித்த வெள்ளிக்கிழமையே புறப்பட்டிருந்தால் முகப்பு வருமுன்பே பயணம் முடிந்திருக்கும். வெள்ளியும் சனியும் கடல் அருமையாக இருந்தது. பழுது பார்த்த இரண்டு நாள்தான் அவர்களைக் கெட்ட வானிலைக்குள் தள்ளியது. இதுவும் உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை போயிருந்தால் தூளாக உதிரும் நாடாவிலும் ஊதாத அங்கியிலும் போயிருப்பார்கள். ஒன்றும் நடந்திராது, யாரும் எதையும் கவனித்திருக்க மாட்டார்கள். புதியவர் மறுத்தது சரியா என்பதை அந்த இரவின் வானிலையை வைத்து அளப்பது எனக்கு ஏற்புடையதல்ல. வியாழக்கிழமை கையிலிருந்த தகவல்களை வைத்தே அளக்க வேண்டும். கடல் கண்ணாடியாக இருந்திருந்தாலும் அது சரியான முடிவுதான்.

மாறியவையும் மாறாதவையும்

எங்கள் குழுவில் நெடும்பயண அழைப்பு வரும் மாணவர்களை, ஒப்புக்கொள்ளுமுன் படகில் ஒரு பகல் ஓட்டம் போய்வரச் சொல்கிறோம். அன்றே லைஃப் ஜாக்கெட்டைத் திறந்து உருளையைத் தொட்டுப் பார்ப்பது, பீக்கன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது, வடிகட்டிக் கிண்ணத்தைக் காட்டச் சொல்வது ஆகியவையும் நடக்க வேண்டும். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் கேப்டனோடு போக வேண்டியதில்லை. இரவுப் பயிற்சி முன்பு விருப்பப் பாடமாக இருந்தது, இப்போது கட்டாயப் பாடமாகச் சேர்த்துவிட்டோம்.

புதியவர் அதன்பின் ஒரே இரவு கொண்ட குறும்பயணங்களாகத் தேர்ந்தெடுத்துப் போகிறார். மருந்தை முந்தைய இரவே எடுத்துக்கொள்கிறார். எந்த மருந்து தன்னைத் தூங்கவைக்கிறது என்பதையும் கரையிலேயே சோதித்து வைத்திருக்கிறார்.

கேப்டன் இரட்டை வடிகட்டி பொருத்தியிருக்கிறார். ஒன்று அடைத்தால் ஒரு திருகில் மற்றொன்றுக்கு மாறலாம். பயணத் திட்டத்தை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டே கிளம்புகிறார். பீக்கனின் பதிவு மட்டும், செவ்வாய்க்கிழமை பட்டியலின் முதல் வரியில் இருந்தும், படகு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவர் பெயருக்கு மாறியது. முனைக்கு வெளியே எஞ்சின் நின்ற அந்த 50 நிமிடமும் அது முந்தைய உரிமையாளர் பெயரில்தான் இருந்தது.